நடுவர் நின்ற இடம்

இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் காலை, ரசிகர்களின் இணையப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: “சிட்னியில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெல்பேர்னில் அதையே சேறாக்கிவிட்டார்கள். ஒலி மேசையில் இருந்த பெண்ணை யாராவது கேள்வி கேட்க வேண்டும்.” அதற்குக் கீழே பலரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

ஒலி மேசையில் இருந்த பெண் நான்தான். என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

டிரம் கோர் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கி நான் களைத்துப்போய்விட்டேன். அம்மா கோயிலில் கேட்பவர்களிடம் “பாண்ட் அடிக்கிறாள்” என்று சொல்லி முடித்துவிடுவார். பித்தளை ஊதுகுழல்கள், டிரம்கள், கொடிகள். ஒரு கால்பந்து மைதானம் முழுவதையும் மேடையாக்கி, நடந்தும் ஓடியும் உருவங்கள் அமைத்தபடி, எதையும் பார்த்து வாசிக்காமல் மனப்பாடமாக ஒரு முழு நிகழ்ச்சி. இது ராணுவமும் இல்லை, கலியாண பாண்டும் இல்லை. அமெரிக்காவில் இதற்குப் பெரிய கூட்டம் இருக்கிறது. இங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்கள்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நடுவர்களுக்கு எங்களைத் தெரியும், எங்களுக்கு நடுவர்களைத் தெரியும், ரசிகர்களுக்கு எல்லாம் தெரியும்.

நான் சிட்னியின் கிரவீன் பகுதியில் வளர்ந்தவள். பள்ளிக்கூடக் காலத்தில் ஸ்னேர் டிரம் அடிக்கச் சேர்ந்தேன். எங்கள் குழுவில் இருபத்திரண்டு வயதுக்கு மேல் யாரும் களத்தில் நிற்க முடியாது. அந்த வயது வந்தபோது எனக்கு மூன்று வழிகள் இருந்தன: விட்டுவிட்டுப் போகலாம், கேலரியில் உட்கார்ந்து குறை சொல்லலாம், அல்லது ஒலி மேசைக்குப் பின்னால் நிற்கலாம். நான் மூன்றாவதை எடுத்தேன். என் தொழிலும் அதுதான். ரயில் நிலையங்களில் அறிவிப்புகள் விளங்கும்படி ஒலிபெருக்கிகளை அமைக்கிறேன். ரயில் மேடையின் இந்த முனையில் நிற்பவருக்கும் அந்த முனையில் நிற்பவருக்கும் ஒரே சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்டால் ஒருவரும் கவனிப்பதில்லை. கேட்காவிட்டால் திட்டுவார்கள். இதைவிட நேர்மையான மதிப்பீட்டு முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டிரம் கோரில் சேர்ந்த முதல் கிழமையே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: பின்னால் கேள். ஒலி மெதுவாகப் போகும். கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மட்டை பந்தில் படுவது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வந்து சேரும். எங்கள் மைதானத்தின் பின்வேலிக்கு அருகில் ஒருத்தி டிரம்மில் அடித்தால், முன்கோட்டில் நிற்பவர்களுக்கு அது கால் விநாடி பிந்தியே வரும். எனவே முன்னால் நிற்பவர்கள் தங்களுக்குப் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, அது காதில் விழும் கணத்தில் வாசிக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கேலரிக்குப் போகும். பின்னால் நிற்பவர்கள் மட்டும் ஒருபோதும் முன்னால் கேட்கும் சத்தத்தைப் பிடித்து அடிக்கக் கூடாது. அடித்தால் கேலரிக்கு அது இரட்டிப்பாகப் பிந்திப் போகும். அப்படி அடிப்பவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். புதுப்பிள்ளைகள் மட்டும் செய்யும் பிழை அது.

அந்த ஆண்டு எங்கள் இயக்குனர் புதிதாக ஏதாவது வேண்டும் என்றார். ஐம்பதைத் தாண்டிய ஆஸ்திரேலியர், பள்ளிக்கூட இசை ஆசிரியர், நல்ல மனிதர், முடிவெடுக்க மட்டும் தெரியாதவர். நான் வேலை நேரத்தில் பதிவுசெய்து வைத்திருந்த ரயில் சக்கரச் சத்தத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். தண்டவாளத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் அந்தத் தட்டல். வழமையாக டிரம்காரர்களின் முக்கியமான பகுதி வரும்போது எல்லாக் குழுக்களும் அவர்களைக் கேலரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும், விரல்கள் தெரியட்டும் என்று. நாங்கள் நேர்மாறாகச் செய்தோம். டிரம்காரர்களைப் பின்வேலிக்கு அனுப்பி, முதுகைக் காட்டி நிற்கவைத்து, அங்கிருந்து அடிக்கச் சொன்னோம். முன்கோட்டில் கீபோர்ட் வாசித்த பெண், டிரம் சத்தம் தன்னை வந்தடையும் கணத்தில் பதிவுசெய்த சக்கரச் சத்தத்துக்கான விசையை அழுத்துவாள். அது பெரிய ஒலிபெருக்கிகள் வழியாகக் கேலரிக்குப் போகும். டிரம்காரர்கள் மெல்லத் திரும்பி முன்னால் நடந்துவர, தூரம் குறையக் குறைய அவள் காதும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கேலரியில் இருப்பவருக்கு டிரம் எது, சக்கரம் எது என்று பிரிக்க முடியாது. தூரத்திலிருந்து ஒரே ஒரு ரயில் வந்துகொண்டிருக்கும்.

டிரம் கப்டன் எங்கள் தமிழ்ப் பிள்ளை. அவளுக்கு அது கடைசி ஆண்டு. முந்தைய இரண்டு ஆண்டுகளும் டிரம் பிரிவில் இரண்டாம் இடம் வந்திருந்தாள். எங்கள் குழு மொத்தப் போட்டியில் மெல்பேர்ன் குழுவை வெல்லப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் ஆட்களும் அதிகம், ஊதுகுழல்களும் புதிது. டிரம் கோப்பை மட்டும்தான் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதுதான் அவளுக்கு வேண்டும். அதை அவள் மறைக்கவும் இல்லை. “இந்த முறை ரெண்டாவதாய் வந்தா நான் மேடையில ஏற மாட்டன் அக்கா, நீங்க போய் வாங்குங்கோ” என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

வில்லாவுட்டில் ஒரு தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில்தான் சனிக்கிழமைகளில் பயிற்சி. வார இறுதியில் அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் முறையிட ஆள் இல்லை. அவளுடைய அப்பா அவளை வாசலில் இறக்கிவிட்டு உடனே காரைத் திருப்பிவிடுவார். அந்தப் பகுதியில் அவர் காரை விட்டு இறங்குவதே இல்லை. அகதியாக வந்த புதிதில் அங்குள்ள தடுப்பு முகாமில் இருந்தவர் அவர். வார இறுதிகளில் ஒரு வெதுப்பகத்தில் வேலை என்பதால் போட்டிகளுக்கும் வந்ததில்லை. மகள் டிரம் அடிக்கிறாள் என்று தெரியும். எப்படி அடிக்கிறாள் என்று தெரியாது.

சிட்னியில் நடந்த முதல் போட்டியில் ரயில் வந்தது. அந்தப் பகுதி தொடங்கியதும் கேலரி அடங்கியது. டிரம்காரர்கள் பாதி மைதானத்தைத் தாண்டியபோது யாரோ எழுந்து நின்றார், பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு கிழவர் என் மேசைக்கு இறங்கி வந்தார். அவரை எல்லோருக்கும் தெரியும். முன்னொரு காலத்தில் ஊதுகுழல் வாசித்தவர். எல்லாப் போட்டிக்கும் வருவார், எப்போதும் கேலரியின் மேல் வரிசை, மடியில் ஒரு தேநீர்க் குடுவை. டிரம் கோருக்குள் மின்சாரம் வந்த அன்றே அது செத்துவிட்டது என்று இணையப் பக்கத்தில் நெடுங்காலமாக எழுதிக்கொண்டிருப்பவர். அவர் என்னிடம் சொன்னார்: “உன் ஒலிபெருக்கிகளை நான் இப்போதும் வெறுக்கிறேன். ஆனால் இன்றைக்கு அவை எனக்குக் கேட்கவில்லை.” என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாராட்டு அது. பெட்டிகளை ஏற்றும்போது அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முடிவுகள் வந்தன. மொத்தத்தில் இரண்டாம் இடம். டிரம் பிரிவில் கடைசி.

நடுவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் கேலரியின் மேலே இருந்து பார்ப்பார்கள். டிரம் நடுவர் மட்டும் களத்துக்குள் இறங்கி, டிரம்காரர்களோடு கூடவே நடந்து கேட்பார். கேட்கும்போதே ஒரு சின்ன ஒலிவாங்கியில் பேசிப் பதிவுசெய்வார். போட்டி முடிந்தபின் அந்தப் பதிவு குழுவுக்குத் தரப்படும். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்போம். அது எங்கள் வழக்கம். திட்டு வாங்கினாலும் எல்லோரும் சேர்ந்தே வாங்க வேண்டும்.

அந்த ஆண்டு வந்த டிரம் நடுவர், பைக்குழலும் டிரம்மும் வாசிக்கும் ஸ்கொட்டிஷ் பைப் பாண்டுகளில் வளர்ந்தவர். அங்கே வாசிப்பவர்கள் ஒரு வட்டமாக நிற்பார்கள், நடுவர் அந்த வட்டத்தைச் சுற்றி நடப்பார். யாரும் யாருக்கும் தூரமில்லை. எங்கள் ஆட்கள் பின்வேலிக்குப் போனதும் அவரும் பின்வேலிக்குப் போய்விட்டார். பதிவில் அவருடைய மூச்சிரைப்பு கேட்டது. பிறகு குரல்: “சேரவில்லை. முன்னால் இருந்து வரும் சத்தத்தோடு இவர்கள் சேரவே இல்லை. கப்டன் முந்துகிறார். இன்னும் முந்துகிறார். இவர்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்களா?”

கப்டன் தோளிலிருந்து டிரம்மைக் கூடக் கழற்றாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த ஒலிபெருக்கியின் சத்தம் அவர் நின்ற இடத்துக்குத் திரும்பிவர அரை விநாடியாகும். எங்கள் வேகத்தில் அது ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் வந்து விழும். அவருக்கு ஒவ்வோர் அடியும் இரண்டாகத்தான் கேட்டிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நேர்மையானவர் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் செமிக்காத விஷயம்.

போட்டிக்குப் பிறகு நடுவர்களைச் சந்தித்துப் பேச ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடங்கள் தருவார்கள். இயக்குனர் என்னை அழைத்துப் போனார். நான் ஒரு தாளில் மைதானத்தை வரைந்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். நான் சொன்ன கணக்கு சரி என்றார். பிறகு சொன்னார்: “என் கால் எங்கே நிற்கிறதோ அங்கே கேட்பதற்குத்தான் நான் புள்ளி போட முடியும். கேலரியில் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஊகித்துப் போட்டால், அடுத்த குழுவுக்கும் அப்படி ஊகிக்க வேண்டியிருக்கும்.” ரயில் மேடையில் நின்று ஒலியைச் சோதிக்கும்போது நானும் என் கால் நிற்கும் இடத்தைத்தான் குறித்துக்கொள்கிறேன். ஆனால் நான் நடந்துபோய் மற்ற முனையிலும் நிற்பேன்.

ஆனாலும் ஒரு வழி இருந்தது. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் டிரம் நடுவர் முன்கோட்டில் நின்று கேட்கலாமா என்று போட்டிகளை நடத்தும் சங்கத்துக்கு எழுதிக் கேட்டோம். விதிகளில் அதற்குத் தடை இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவதாகப் பதில் வந்தது. நடுவரும் தனக்கு மறுப்பில்லை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். இரண்டு கிழமை பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

அதற்குள் ரசிகர்கள் எங்களுக்காகப் போராடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை நான் நாள்தோறும் வாசித்தேன். அங்கே எழுதுபவர்களை எனக்குள் பிரித்து வைத்திருந்தேன். எதைச் செய்தாலும் அமெரிக்காவில் அது பழசு என்பவர்கள். தங்கள் காலத்தில் நடுவர்கள் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கீறல் போட்டுப் புள்ளி கழித்தார்கள், அதுதான் நீதி என்பவர்கள். தங்கள் பிள்ளை இருக்கும் குழுவைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள். முதல் முறையாக இவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். நடுவர் செவிடு என்றார்கள். பைப் பாண்டுக்குத் திரும்பிப் போகட்டும் என்றார்கள். ஒருவர் நடுவர் வேலைசெய்யும் இடத்தைத் தேடிப் போட்டார். கையெழுத்து இயக்கம் ஒன்றும் தொடங்கியது. தேநீர்க் குடுவைக் கிழவர் புதுமையைக் கொல்லும் நடுவர்கள் பற்றி நீளமாக எழுதினார். மின்சாரம் டிரம் கோரைக் கொன்ற கதையை அவர் அதில் சொல்லவில்லை. எங்களுக்காகக் கத்திய ஒருவரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று கெஞ்சியிருப்போம்.

சங்கம் நாங்கள் தூண்டிவிட்டதாக நினைத்தது. இயக்குனர் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. எங்கள் கோரிக்கைக்கும் பதில் வந்தது: மிரட்டலுக்குப் பணிந்ததாகத் தோன்றும் எந்த மாற்றத்தையும் இந்த ஆண்டு செய்வதற்கில்லை. மெல்பேர்ன் இறுதிப் போட்டியிலும் அதே நடுவர்தான். நிற்கும் இடமும் அதேதான்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சி முடிந்து நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கப்டன் வந்து பக்கத்தில் குந்தினாள்.

“அக்கா, நாங்கள் முன்னுக்குக் கேட்டு அடிச்சா என்ன?”

அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். “புதுப்பிள்ளையள் மாதிரியோ?”

“ஓம். ஸ்பீக்கர்ல சில்லுச் சத்தம் வாறது எங்கட காதில விழேக்க நாங்கள் அடிக்கிறம். அவர் நிக்கிற இடத்தில ஒண்டா விழும்.”

“சனம் இருக்கிற இடத்தில?”

“சனம் புள்ளி போடுறேல்லை அக்கா.”

நான் கம்பியைக் கீழே வைத்தேன். அப்படிச் செய்தால் கேலரியில் சக்கரம் முதலில் போகும், டிரம் அரை விநாடி கழித்து வரும், ரயில் ரயிலாகவே இருக்காது என்றேன். தனக்குத் தெரியும் என்றாள். இவ்வளவு காலமும் நீ எதற்காக அடித்தாய் என்று கேட்டேன். நான் கீழே வைத்த கம்பியை எடுத்துச் சுருட்டினாள். பிறகு, “நீங்க வயசு முடிஞ்சு வெளிய வந்திட்டியள். உங்களுக்கு அடுத்த வருசமும் மேசை இருக்கு. எனக்கு இது மட்டும்தான்” என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இயக்குனரிடம் போனோம். நான் என் காரணங்களை வரிசையாகச் சொன்னேன். மேலே இருக்கும் நடுவர்கள் புள்ளியைக் குறைப்பார்கள். பார்க்க வருபவர்களுக்கு நாம் செய்யும் துரோகம் இது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது பிழை. நாமே பிழை என்று சொல்லிக்கொடுக்கிற பிழை. அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு, டிரம்காரர்களே முடிவு செய்யட்டும் என்றார். அந்த இடத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. கைகள் எல்லாம் உயர்ந்தன. அவர்கள் அவளுக்காகத்தான் உயர்த்தினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் பார்க்கக் கொடுமையாக இருந்தது. ஒரு பிழையை ஒழுங்காகச் செய்வது சுலபமில்லை. பிள்ளைக் காலத்திலிருந்து பின்னால் கேட்டுப் பழகியவர்கள். முன்னால் கேட்கச் சொன்னால் காது மறுக்கும், கை தயங்கும், யாராவது ஒருவர் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார். கப்டன் அவர்களைத் திருத்தித் திருத்தி அடிக்கவைத்தாள். கீபோர்ட் பெண்ணுக்குப் பின்னாலிருந்து எதுவும் கேட்காதபடி, தாளம் மட்டும் ஒலிக்கும் ஒரு கருவியைக் காதில் போட்டுவிட்டார்கள். நாட்டிலேயே நல்ல காதுகள் என்று நான் நம்பும் ஆட்கள், புதுப்பிள்ளைகள் மட்டும் செய்யும் பிழையை அப்பழுக்கில்லாமல் செய்வதற்கு வெயிலில் நின்று பாடுபட்டார்கள். நானும் என் வேலையைச் செய்தேன். ஒலிபெருக்கி பின்வேலிவரை தெளிவாகக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்கச் செய்தேன்.

மெல்பேர்ன் போட்டிக்கு அம்மா வந்தார். அதுவரை எங்கள் நிகழ்ச்சி ஒன்றையும் பார்த்ததில்லை. சித்தி மெல்பேர்னில் இருப்பதால் இரண்டு காரியத்தையும் ஒன்றாக முடிக்கலாம் என்று வந்தார். சித்தி, அம்மா இருவரும் மேல் வரிசையில் ஒரு போர்வையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் மேசையிலிருந்து தெரிந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளிக் கிழவர், மடியில் குடுவையுடன்.

ரயில் பகுதி தொடங்கியது. பின்வேலியில் நடுவரின் சிவப்பு மேற்சட்டை. கப்டனின் கை உயர்ந்து காத்திருப்பதைப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் சக்கரம் தட்டியது. பிறகு, தொடர்பே இல்லாத ஏதோவொன்று போல, டிரம் வந்தது. மறுபடி சக்கரம், மறுபடி டிரம். அவர்கள் முன்னால் நடந்து வரவர இடைவெளி சுருங்கியது, ஆனால் அது இன்னும் மோசமாக இருந்தது. ஒவ்வொரு கணமும் வேறொரு விதமாகத் தப்பியது. கேலரியில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிட்னியில் எழுந்து நின்ற இடத்தில் இங்கே யாரோ இருமினார். நடுவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு டிரம்காரர்களுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார்.

மேலே இருந்த நடுவர்கள் புள்ளியைக் குறைத்தார்கள். மொத்தத்தில் இரண்டாம் இடம் மூன்றாம் இடமாயிற்று. டிரம் கோப்பை எங்களுக்கு. அவள் மேடையில் ஏறினாள். மேடையிலேயே அழுதாள். நானும் கை தட்டினேன், அது பொய்யில்லை.

நடுவரின் பதிவை வட்டமாக உட்கார்ந்து கேட்டோம். “இதுதான். இப்போதுதான் கேட்கிறார்கள். பாருங்கள், எவ்வளவு சுத்தம். அருமை.” கடைசியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, சிட்னிக்குப் பிறகு இவர்கள் அடிப்படைகளுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள், பாராட்ட வேண்டும் என்றார். வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்பிரிங்வேலில் சித்திக்குப் பழக்கமான ஒரு வியட்நாம் கடைக்குப் போனோம். அம்மா, சித்தி, நான், கப்டன். அவள் கோப்பையோடு கிடைத்த பதக்கத்தைக் கழற்றாமலே சூப் குடித்தாள். சித்தி அதைத் தொட்டுப் பார்த்து, இது உள்ளுக்கும் தங்கம்தானோ என்று கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் இருந்தது பிள்ளை. ஆனா நடுவில ரெண்டு ரயில் ஒண்டை ஒண்டு துரத்தின மாதிரி ஒரு சத்தம். அது அப்பிடித்தானோ?”

கப்டன் கரண்டியைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்திருந்தாள்.

“ஓம் அம்மா, அது அப்பிடித்தான்” என்றேன்.

மறுநாள் காலை, திரும்பிவரும் பேருந்தில்தான் அந்தப் பதிவை வாசித்தேன். சேறு, ஒலி மேசையில் இருந்த பெண். எழுதியவர் தேநீர்க் குடுவைக் கிழவர். அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. யார் செய்தது என்பதில்தான் தவறு. அதற்குக் கீழே மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அந்தப் பெண் பொத்தான்களோடு விளையாடியிருக்கிறாள் என்று ஒருவர். கருவிகளைப் பொறியியல்காரர்களிடம் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று இன்னொருவர். இவ்வளவு நெருக்கடிக்குள்ளும் டிரம்காரர்கள் கோப்பை வாங்கியது அவர்களுடைய திறமை என்று பலர்.

பதில் எழுத எனக்கு நாலே வரி போதும். முன்கோடு, பின்வேலி, நடுவர், கேலரி. ஆனால் அந்த நாலு வரியின் முடிவில் அவளுடைய கோப்பை ஒரு புதுப்பிள்ளைப் பிழைக்குக் கிடைத்த கோப்பை என்று ஆகிவிடும். நான் எழுதவில்லை. முன் இருக்கையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் அதை வாசித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், “போட்டு வாறன் அக்கா” என்றாள். அவளும் எழுதவில்லை. இயக்குனரும் எழுதவில்லை. சங்கம் அடுத்த ஆண்டிலிருந்து டிரம் நடுவர் முன்கோட்டில் நிற்கலாம் என்று அறிவித்தது. அது தங்கள் வெற்றி என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். எங்கள் குழு அடுத்த ஆண்டுக்கு வேறொருவரை ஒலிக்கு எடுத்துக்கொண்டது. கொஞ்சம் பொது உறவுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று இயக்குனர் தொலைபேசியில் சொன்னார். அவருக்கு என் குரல் சரியாகக் கேட்கவில்லை என்றும் சொன்னார். நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

சிட்னி நிகழ்ச்சியை யாரும் ஒழுங்காகப் படம்பிடிக்கவில்லை. கைபேசியில் எடுத்தவர்களின் பதிவுகளில் காற்றும் பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சும்தான். இறுதிப் போட்டியை மட்டும் கேலரியிலிருந்து நல்ல கருவிகளோடு பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் எங்களுடையதென்று மிஞ்சியிருப்பது அதுதான்.

கடந்த மாதம் அவளுக்குப் பட்டமளிப்புக் கொண்டாட்டம். பெண்டில் ஹில்லில் ஒரு மண்டபம், இருநூறு பேருக்குக் கதிரை, ஓரத்தில் சாப்பாட்டு மேசைகள். ஒலியை நான் பார்க்க முடியுமா என்று கேட்டாள். வேறு யாரைக் கேட்பாள்? போனேன். அன்ரிமார் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்க, பெரிய திரையில் அவளுடைய பிள்ளைக் காலப் படங்கள் ஓடின. அதற்குப் பிறகு இறுதிப் போட்டியின் காட்சி வரும் என்றாள். அப்பா முழுதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். என் காதருகில் குனிந்து சொன்னாள்:

“வீடியோவில இருக்கிற சத்தத்தை எடுத்துவிடுங்கோ. மேல ஒரு பாட்டுப் போட்டா காணும்.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

ஒலி மேசையில் அந்தச் சத்தத்துக்கான கட்டையை அடிவரை இறக்கினேன். ஏதோ ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். திரையில் மைதானம் விரிந்தது. பின்வேலியில் டிரம்காரர்கள், முதுகுகள், நடுவில் அவள். சத்தம் இல்லாமல் பார்த்தால் அது அற்புதமாக இருந்தது. குச்சிகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக விழுந்தன. ஒரு மயிரிழை பிசகவில்லை. மண்டபத்தில் கை தட்டினார்கள்.

அவளுடைய அப்பா கதிரையிலிருந்து எழுந்து என் மேசைக்கு வந்தார். என்னை மகளுக்குத் தெரிந்த அக்கா என்றுதான் அவருக்குத் தெரியும்.

“பிள்ளை, அவள் அடிக்கிறது கேக்கேல்லை. பாட்டைக் குறைச்சு அதைக் கொஞ்சம் கூட்டிவிடு பாப்பம்.”

கட்டையில் என் விரல் இருந்தது. அவருக்குப் பின்னால், கேக் மேசைக்குப் பக்கத்தில், அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரெக்கோடிங் சரியா வரேல்லை அங்கிள். கூட்டினா இரைச்சல்தான் வரும்.”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். மகள் அங்கே முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

“அண்டைக்குச் சத்தம் பாத்த ஆள் சரியில்லைப் போல” என்றார்.

“ஓம் அங்கிள்” என்றேன்.